கலங்கிய கடலைப் படிப்பது: செயற்கைக்கோள் நிறத் தரவை வைத்துக் கரையோர வண்டலைத் தொடர்வது எப்படி?

ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த மறுநாள் கழிமுகத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், பழுப்பு நிற நாக்கு ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கும். பார்த்ததுமே "வண்டல் இந்தப் பக்கம்தான் போகிறது" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்தப் படம் ஒரு கணத்தில் எடுத்தது. அப்போது ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா, முந்தைய இரண்டு நாள் காற்று எங்கிருந்து வீசியது என்பது தெரியாமல் நாக்கின் வடிவத்தை மட்டும் பார்த்து நகர்வைச் சொல்ல முடியாது. நிறத்தைக் கணக்கிடுவது பாதி வேலைதான். ஒவ்வொரு படத்தையும் அதன் ஓதத்தோடும் காற்றோடும் சேர்த்துப் படிப்பது மீதிப் பாதி. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். அதனால் இந்த வழிகாட்டியில் அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையான தரவு எல்லாம் இலவசம். ஒரு சாதாரண கணினி, கொஞ்சம் பைத்தான் பழக்கம், நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில்: செயற்கைக்கோள் பார்ப்பது எதை?

தெளிந்த நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நீரில் களிமண்ணும் நுண்மணலும் மிதந்தால் அவை ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வரும் சிவப்பு ஒளியின் அளவுதான் நம் அடிப்படை. இதில் மூன்று வரம்புகள் உண்டு. வேலை முடியும்வரை இவற்றை மறக்கக் கூடாது.

ஒன்று, கலங்கல் அதிகமான நீரில் செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பில் ஒரு மீட்டரோ அதற்கும் குறைவோதான். அடியில் அதைவிடப் பல மடங்கு வண்டல் இருக்கலாம். இரண்டு, ஒரே எடைக்குப் பெரிய துகளைவிடச் சிறிய துகள்கள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே படத்தில் பளிச்சென்று தெரிவது சேறும் களிமண்ணும்தான். கடற்கரையைக் கட்டும் மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டி உருண்டு போவது. அது படத்தில் வராது. கடற்கரை அரிப்பை ஆராய வந்தவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மூன்று, ஆழம் குறைந்த தெளிந்த நீரில் வெள்ளை மணல் தரையே கலங்கல் போலத் தோன்றும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள், அப்புறம் கருவியைத் தேடுங்கள்

"இந்தக் கரையில் வண்டல் எப்படி நகர்கிறது?" என்பது மிகப் பெரிய கேள்வி. "வெள்ளத்துக்குப் பிறகு கலங்கல் நாக்கு எத்தனை நாளில் மறைகிறது?", "துறைமுக வாயிலில் சேறு ஏறுவது ஓதத்தாலா, அலையாலா?" என்று சுருக்கினால் எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சில நூறு மீட்டர் அகலமுள்ள கழிமுகம் என்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 அல்லது அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள். சென்டினல்-2இன் சிவப்புப் பட்டை (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் அளப்பது பட்டை) 10 மீட்டர் நுணுக்கம் கொண்டது, அதாவது ஒரு பிக்சல் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு வருகின்றன. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் 30 மீட்டர். சேர்த்து 8 நாளுக்கு ஒருமுறை. விரிகுடா அளவில் வேண்டுமென்றால் சென்டினல்-3இல் உள்ள ஓஎல்சிஐ கருவிதான் என் முதல் தேர்வு. 300 மீட்டர் நுணுக்கம், 21 பட்டைகள், இரண்டு செயற்கைக்கோள்கள் இருப்பதால் ஏறத்தாழ தினமும் ஒரு படம். சூரியன் நீரில் நேராகப் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் ஒளிர்வைக் குறைக்க அதன் கேமராக்களை 12.6 பாகை சாய்த்து வைத்திருக்கிறார்கள். நிலத்துக்காகச் செய்யப்பட்ட சென்டினல்-2இல் அந்த வசதி இல்லை. வெப்பமண்டலக் கடல்களில் கோடை மாதப் படங்கள் பல இதனால் வீணாகும். நீண்ட காலத் தொடர் வேண்டுமா? 2002இல் ஏவப்பட்ட அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி இருக்கிறது. இஸ்ரோவின் ஓஷன்சாட் வரிசை 1999இல் 360 மீட்டர் நுணுக்கத்தோடு தொடங்கியது. 2022இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 அந்த வரிசையைத் தொடர்கிறது.

ஒரே நாளுக்குள் நடக்கும் மாற்றம் வேண்டுமென்றால் புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது பூமியின் ஒரே இடத்துக்கு மேல் எப்போதும் நிற்கும்படி, உள்ள கருவி வேண்டும். கொரியா 2010இல் அனுப்பிய கோசி, தன் வட்டாரக் கடலை ஒரு நாளில் 8 முறை, மணிக்கு ஒன்றாகப் படம் எடுத்தது. 2020இல் வந்த கோசி-2 அதை 250 மீட்டர் நுணுக்கத்தில் 10 முறையாக்கியது. கொரியாவைச் சுற்றிய கடல்களில் வேலை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். மற்ற கடல்களில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 6ஆம் படியில் பார்ப்போம்.

படி 2: தரவை இறக்குவது

சென்டினல் தரவு கோபர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் கிடைக்கும். மோடிஸ், அதற்குப் பின் வந்த அமெரிக்கக் கருவியான வீர்ஸ் போன்றவற்றின் கடல் நிறத் தரவு நாசாவின் ஓஷன் கலர் தளத்திலும், லேண்ட்சாட் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரரிலும், இந்தியச் செயற்கைக்கோள்களின் தரவு பூநிதி தளத்திலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதிவு செய்து கொண்டால் போதும்.

பயன்படுத்துவது எந்த நிலைத் தரவு என்பதைக் கவனியுங்கள். நிலை 1 என்பது வளிமண்டலத்தின் மேல் அளந்தது. நிலை 2 வளிமண்டலத் திருத்தம் முடிந்தது. நிலை 3 கட்டங்களாகச் சராசரி செய்தது. கரையோர வேலைக்கு நிலை 3ஐத் தொடவே வேண்டாம். அதில் ஓதம் எல்லாம் கரைந்து போயிருக்கும். சென்டினல்-2இன் ஆயத்த நிலை 2 தரவும் நிலத்தை மனதில் வைத்துத் திருத்தியது. நீருக்கு நிலை 1 எடுத்து நாமே திருத்துவதுதான் சரி.

சென்டினல்-2இல் இன்னொரு பொறி. 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த படங்களில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கழித்த பிறகே 10,000ஆல் வகுக்க வேண்டும். பழைய நிரலை அப்படியே ஓட்டினால் எதிரொளிப்பு (பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு) 0.1 கூடிவிடும். நீரின் எதிரொளிப்பே பல நேரம் 0.1க்குக் கீழேதான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்: கடல் முழுவதும் ஒரே நாளில் சேறாகிவிட்டது போலத் தெரியும்.

படி 3: வளிமண்டலத்தைக் கழிப்பது

கடலுக்கு மேலே செயற்கைக்கோள் அளக்கும் ஒளியில் சுமார் 90 விழுக்காடு காற்றும் தூசும் சிதறடித்தது. மீதியில்தான் நம் வண்டல் இருக்கிறது. ஆக இந்தத் திருத்தத்தில் வரும் சின்னப் பிழையும் முடிவில் பெரிதாக எதிரொலிக்கும்.

திறந்த கடலுக்கான பழைய முறை ஒரு எளிய அனுமானத்தில் நிற்கிறது: அருகு அகச்சிவப்பில் கடல் முழுக் கறுப்பு, அங்கே தெரிவது அத்தனையும் தூசு. கலங்கிய நீரில் இது பொய்த்துப் போகும். வண்டல் அகச்சிவப்பிலும் ஒளிரும். நிரல் அதைத் தூசு என்று எண்ணிக் கழித்துவிடும். விளைவு, கலங்கல் மிகுந்த இடத்தில் கணக்கு குறைத்துக் காட்டும், நீலப் பட்டையில் எதிர்மறை எண்கூட வரும். எதிர்மறை எதிரொளிப்பைக் கண்டால் உடனே இங்கே சந்தேகப்படுங்கள்.

இதற்குத் தீர்வு, இன்னும் நீண்ட அலைநீளத்துக்குப் போவது. 1600, 2200 நானோமீட்டர் பக்கம் நீர் ஒளியை அவ்வளவு பலமாக உறிஞ்சும் என்பதால், மிக மோசமாகக் கலங்கிய நீர்கூடக் கறுப்பாகவே இருக்கும். சென்டினல்-2, லேண்ட்சாட், மோடிஸ், வீர்ஸ் நான்கிலும் இந்தப் பட்டைகள் உண்டு. பெல்ஜியத்தில் உருவான அகோலைட் மென்பொருள் இன்னொரு வழியில் போகிறது: படத்துக்குள்ளேயே மிக இருண்ட பிக்சல்களைத் தேடி அவற்றிலிருந்து தூசின் அளவைக் கண்டுபிடிக்கிறது. சென்டினல்-2, லேண்ட்சாட்டில் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஓஎல்சிஐக்கு ஸ்னாப் மென்பொருளில் நரம்பு வலையமைப்பு அடிப்படையிலான திருத்தம் இருக்கிறது. ஓரளவு கலங்கலுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் அது பயிற்சி பெற்ற வரம்பைத் தாண்டிய சேற்று நீரில் நம்ப முடியாது. மோடிஸுக்கு நாசாவின் சீடாஸ் மென்பொருள்.

எதைப் பயன்படுத்தினாலும், ஐந்தாறு பிக்சல்களின் நிறமாலையை வரைந்து கண்ணால் பாருங்கள். தெளிந்த நீர் நீலத்தில் உயர்ந்து சிவப்பில் தாழும். வண்டல் நீர் பச்சையிலிருந்து சிவப்பு வரை உயர்ந்து அகச்சிவப்பில் இறங்கும். எல்லாப் பட்டையிலும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கிடந்தால் அது மெல்லிய மேகமாகவோ ஒளிர்வாகவோ இருக்கும். இந்த ஐந்து நிமிட வேலை பின்னால் பல நாள் குழப்பத்தைத் தவிர்க்கும்.

படி 4: மேகத்தை மறைக்கும்போது வண்டலை மறைக்காதீர்கள்

ஆயத்த மேக மறைப்புகள் பல, அகச்சிவப்பில் பளிச்சென்று இருப்பதை மேகம் என்று முடிவு செய்கின்றன. கழிமுக வாயிலில் இருக்கும் அடர்த்தியான சேற்று நீரும் அகச்சிவப்பில் பளிச்சென்றுதான் இருக்கும். ஆகவே நாம் தேடி வந்த பகுதியே "மேகம்" என்று அழிந்துபோகும். மிஞ்சுவது நாக்கின் மெல்லிய ஓரம் மட்டும். தொடரில் வெள்ள நாட்களில் கலங்கல் குறைவாகக் காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மேகத்தைக் கண்டுபிடிக்க 1600 நானோமீட்டர் பட்டையைப் பயன்படுத்துங்கள். சேற்று நீர் அங்கே கறுப்பு. மேகம் அங்கேயும் வெளுப்பு. மேகத்தின் நிழலைத் தனியாக நீக்க வேண்டும். கரையை ஒட்டிய ஓரிரு பிக்சல்களையும் விட்டுவிடுங்கள். பக்கத்து நிலத்தில் உள்ள செடிகொடிகளின் அகச்சிவப்பு ஒளி காற்றில் சிதறி நீர் மேல் வந்து விழும்.

படி 5: நிறத்தைக் கலங்கலாக மாற்றுவது

குளோரோஃபில் வரைபடத்தைப் பார்த்து வண்டலை ஊகிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். நீலம்–பச்சை விகிதம் வண்டலையும், இலைதழை அழுகிக் கரைந்த மஞ்சள் பொருளையும் பாசி என்றே படிக்கும். சிவப்பு, அகச்சிவப்புப் பட்டைகளை நேரடியாகப் பயன்படுத்துங்கள்.

பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

கலங்கல் = க × எ ÷ (1 − எ ÷ ச)

எ என்பது நீரின் எதிரொளிப்பு. க, ச இரண்டும் அலைநீளத்துக்கு ஏற்ற மாறிலிகள். டோக்லியோட்டியும் குழுவினரும் 2015இல் தந்த மதிப்புகள்: 645 நானோமீட்டருக்கு க 228.1, ச 0.1641, 859 நானோமீட்டருக்கு க 3078.9, ச 0.2112. விடை எஃப்என்யு என்ற கலங்கல் அலகில் வரும். சிவப்பு எதிரொளிப்பு 0.05க்குக் கீழ் இருந்தால் 645, 0.07க்கு மேல் போனால் 859, நடுவில் இரண்டையும் கலந்து எடுப்பது அவர்கள் முறை.

ஏன் மாற வேண்டும்? போட்டுப் பார்த்தால் புரியும். சிவப்பில் எ 0.03 என்றால் கலங்கல் 8.4. அளவீட்டில் 3 விழுக்காடு பிழை வந்து 0.0309 ஆனால் 8.7, பரவாயில்லை. இப்போது எ 0.15 என்று வையுங்கள்: விடை 398. அதே 3 விழுக்காடு பிழையில் 0.1545 ஆனால் விடை 602! வண்டல் கூடக் கூடச் சிவப்பு ஒளி ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் நின்றுவிடுவதால் வரும் வினை இது. 859இல் எ 0.08 என்றால் கலங்கல் 397. 3 விழுக்காடு கூட்டினால் 416தான். அதே சேற்று நீர், அதே பிழை, ஆனால் விடை நிலையாக நிற்கிறது.

அலகில் ஒரு எச்சரிக்கை. நாசாவின் கோப்புகளில் இருப்பது தொலையுணர் எதிரொளிப்பு. மேலுள்ள சூத்திரம் கேட்பது அதைப் பை, அதாவது 3.1416ஆல் பெருக்கிய எண். பெருக்க மறந்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

கலங்கலை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்ற வேண்டுமென்றால் உள்ளூர் நீர் மாதிரி கட்டாயம் வேண்டும். துகளின் அளவும் வகையும் மாறினால் உறவும் மாறும். அறிந்த எடையுள்ள கண்ணாடி இழை வடிதாளில் அளந்த நீரை வடிகட்டி, உப்புப் போகக் காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவி, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை போடுங்கள். கழுவுவதில் சிக்கனம் பார்த்தால் உப்பின் எடையும் வண்டல் கணக்கில் சேரும். மாதிரி எடுத்த நேரத்துக்கும் படம் எடுத்த நேரத்துக்கும் இடைவெளி, திறந்த கடலில் 3 மணி வரை போகலாம் என்பார்கள்; ஓதம் ஓடும் கழிமுகத்தில் அரை மணி நேரம்கூட அதிகம். மாதிரி இடத்தைச் சுற்றிய 3×3 பிக்சல்களின் இடைநிலை மதிப்போடு ஒப்பிடுங்கள். நீர் மாதிரிக்கு வழியே இல்லையென்றால் எஃப்என்யு அலகிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது குறையொன்றும் இல்லை.

படி 6: நகர்வைப் படிப்பது

இதுவரை செய்தது நிறத்தை எண்ணாக்கியது. இனிதான் உண்மையான வேலை.

ஓர் இடத்தில் கலங்கல் கூடியது என்றால் அதற்கு மூன்று விதமாகக் காரணம் இருக்கலாம். வேறெங்கிருந்தோ நீரோட்டம் கொண்டு வந்தது. அங்கேயே தரையிலிருந்து கிளம்பியது. அல்லது கீழே இருந்தது மேலே கலந்து கண்ணுக்குத் தெரிந்தது. குறைந்தால், நகர்ந்து போனதா, படிந்துவிட்டதா? படம் எல்லாவற்றையும் ஒரே நிறமாகத்தான் காட்டும். பிரித்தறிய நான்கு எண்களை ஒவ்வொரு படத்தோடும் எழுதி வையுங்கள்: ஓதத்தின் நிலை, ஓதத்தின் வீச்சு, முந்தைய 48 மணி நேரக் காற்று, ஆற்றின் நீர்வரத்து. அலைத் தரவு கிடைத்தால் அதையும்.

அலை எந்த ஆழம் வரை தரையைத் தொடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அலைநீளத்தில் பாதி. 6 நொடி இடைவெளியில் வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர். அது 28 மீட்டர் ஆழம் வரை தரையை உணரும், கரையை நெருங்க நெருங்கப் பலமாகக் கிளறும். கலங்கலின் எல்லை சம ஆழக் கோட்டை ஒட்டியே ஓடினால், அது தரையிலிருந்து கிளம்பியது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆழக் கோடுகளைக் கவனிக்காமல் குறுக்கே வெட்டிப் போகும் நாக்கு, நீரோட்டம் சுமந்து வந்தது.

படிவதற்கும் ஒரு கணக்கு. 20 மைக்ரான் துகள் அசையாத நீரில் நொடிக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் இறங்கும். 5 மீட்டர் இறங்க ஏறத்தாழ 4 மணி நேரம். அதாவது ஓர் ஓதம் திரும்புவதற்குள் மேற்பரப்பு தெளிந்து, மறுபடி கலங்கிவிடலாம். 4 மைக்ரான் களிமண் தனியாக இறங்க நாள்கணக்கில் ஆகும். ஆனால் உப்பு நீரில் களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வேகமாக இறங்கும். நன்னீர் கடலில் கலக்கும் இடத்தில் நாக்கு சட்டென்று முடிவது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு படங்களை வைத்து வேகத்தை அளக்கலாம். சென்டினல்-3 காலை 10 மணி வாக்கில் கடக்கிறது. வீர்ஸ் பிற்பகல் 1.30 வாக்கில். இடையில் மூன்றரை மணி நேரம். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தில் அந்த நேரத்தில் 6.3 கிலோமீட்டர், அதாவது 300 மீட்டர் பிக்சலில் 21 பிக்சல் நகர்ந்திருக்கும். இது தெளிவாக அளக்கக் கூடிய தூரம். நுணுக்கமான படத்தைக் கரடான படத்தின் அளவுக்கு இறக்கிய பிறகு ஒப்பிடுங்கள். நாக்கின் கூர்மையான ஓரத்தை இரண்டிலும் கோடாக வரைந்து இடைத்தூரம் அளப்பது எளிய வழி. மணிக்கொரு படம் இருந்தால், முதல் படத்தில் ஒரு சிறு சதுரத்தை எடுத்து, அடுத்த படத்தில் அதே வடிவம் எங்கே அதிகமாகப் பொருந்துகிறது என்று நிரலைத் தேடச் சொல்லலாம். வடிவம் மாறாமல் இடம் மட்டும் மாறியிருந்தால் மட்டுமே கிடைத்த வேகத்தை நம்புங்கள். இடம் மாறாமல் அடர்த்தி மட்டும் மாறியிருந்தால் அது நகர்வு அல்ல, கிளம்புதலோ படிதலோதான்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. இந்தச் செயற்கைக்கோள்கள் தினமும் ஒரே நேரத்துக்கு வருகின்றன. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறும் கரைகளில் பெரும்பாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின் உச்சமும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். இரண்டும் சேர்ந்தால்? உங்கள் கரையில் பௌர்ணமி ஏற்றம் காலை பத்தரைக்கு என்றால், பெரிய ஓதம் முழுதாக வற்றும் நேரத்தைக் காலைச் செயற்கைக்கோள் எத்தனை ஆண்டு சுற்றினாலும் பார்க்கப் போவதில்லை. அதிகச் சேறு கிளம்பும் வேளை அதுவாகவே இருக்கலாம். பத்தாண்டுச் சராசரி எடுத்தாலும் இந்தச் சாய்வு போகாது. அதனால் எல்லாப் படத்தையும் மொத்தமாகச் சராசரி செய்யாமல், ஏற்றம், வற்றம், பெரிய ஓதம், சிறிய ஓதம் என்று நான்கு குவியலாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இடைநிலை மதிப்பை எடுங்கள். எந்தக் குவியல் காலியாக இருக்கிறது என்பதை வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள். காலைப் படங்களோடு பிற்பகல் படங்களைச் சேர்த்தால் காலியிடம் கொஞ்சம் நிரம்பும்.

மேகமும் இப்படி ஒரு சாய்வைக் கொண்டுவரும். புயல் அடிக்கும் நாளில்தான் வண்டல் அதிகம் நகர்கிறது. அன்றுதான் வானமும் மூடியிருக்கிறது. வானம் திறந்த முதல் படத்தில் நாம் பார்ப்பது மிச்சத்தை மட்டுமே.

படி 7: எவ்வளவு வண்டல் போனது என்று கேட்டால்

இந்தக் கேள்வி எப்படியும் வரும். டன் கணக்குச் சொல்ல, நீரின் முழு ஆழத்திலும் வண்டல் எப்படி அடுக்கியிருக்கிறது, ஓட்டம் எப்படி இருக்கிறது என்ற இரண்டும் வேண்டும். செயற்கைக்கோளில் இரண்டுமே இல்லை. மேற்பரப்பு மதிப்பை ஆழத்தால் பெருக்கி டன் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்; அடியில் இருக்கும் கனத்த அடுக்கு முழுவதும் அதில் விடுபட்டுப் போகிறது. அந்த எண்ணை நம்பித் தூர்வாரும் ஒப்பந்தம் போட்டால் பாதிக்கப்படுவது கரையோரம் வாழ்பவர்கள்.

முறையான வழி, ஓதம், அலை, ஆற்று நீர் மூன்றையும் கொண்ட எண்முறை மாதிரி (கடலைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்) ஒன்றை ஓட்டி, அதன் மேற்பரப்புக் கலங்கலைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது. ஒப்பிடும்போது மாதிரியின் வெளியீட்டைப் படம் எடுத்த அதே நிமிடத்துக்கு எடுங்கள். நாள் சராசரியோடு ஒப்பிட்டால் ஓதம் மறுபடி தொலைந்துபோகும். மாதிரியை ஓட்ட வசதி இல்லையென்றால், படம் எடுத்த நேரம், ஓத நிலை, காற்று, திருத்த முறை, பயன்படுத்திய மாறிலிகள் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையாக வரைபடங்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதை ஓட்டக் கூடியவர் அங்கிருந்து தொடங்குவார்.